தீர்ப்பு கையில், பணம் எங்கே?



போன மாதம் நாத்தனார் வீட்டுக்குக் கச்சிராயபாளையம் போயிருந்தேன். அவள் பேரனுக்குக் காது குத்து. கள்ளக்குறிச்சியில் பஸ் மாறி, கரும்பு ஏற்றிய டிராக்டருக்குப் பின்னாலேயே ஊர்ந்து ஊர்ந்து போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. மேற்கே கல்வராயன் மலை, பக்கத்தில் கோமுகி அணை, சுற்றிலும் கரும்பும் மரவள்ளியும். கடல் என்றால் கிழக்கே நூறு கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். இப்படிப்பட்ட ஊரில் ஒரு கப்பல்காரர் குடும்பத்தின் கஷ்டத்தைக் கேட்பேன் என்று நான் நினைக்கவேயில்லை.

விசேஷம் முடிந்து, பந்தி எல்லாம் எடுத்த பிறகு, திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்தேன். நாத்தனார் ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்தாள். இருபத்து நாலு, இருபத்தைந்து வயசு இருக்கும். இடுப்பில் ஏழு மாதக் கைக்குழந்தை.

"அண்ணி, இவ நம்ம எதிர் வீட்டுப் பொண்ணு. நீங்கதான் பத்திரிகையில எழுதறீங்களே, எங்க அண்ணனும் இருபத்தஞ்சு வருஷம் வக்கீல் குமாஸ்தாவா இருந்தாரே, இவளுக்கு ஏதாவது வழி சொல்லுங்க" என்றாள்.

பெண் முதலில் பேசவில்லை. குழந்தை சிணுங்கியது. "பால் குடு தாயி, அப்புறம் பேசலாம்" என்றேன். "பாலே சரியா இறங்க மாட்டேங்குது பெரியம்மா, ஒரு மாசமா" என்று சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. கவலை இருந்தால் பால் இறங்கத் தாமதமாகும், ஆனால் சுரப்பு நின்றுவிடாது. அடிக்கடி குழந்தையை மார்பில் போடு, வேளா வேளைக்கு நீ சாப்பிடு என்று சொல்லிவிட்டுத்தான் விஷயத்துக்கே வந்தோம். கைக்குழந்தைக்காரிகள் வேறு எந்தக் கவலையிலும் முதலில் தங்கள் சோற்றுத் தட்டைத்தான் ஒதுக்கி வைக்கிறார்கள். இதை எத்தனை முறை எழுதினாலும் தீராது.

கதை இதுதான். புருஷன் பிளஸ் டூ முடித்து, ஆறு மாதம் ஜி.பி. ரேட்டிங் என்று கப்பல் பயிற்சி படித்தவர். படிப்புக்கு மாமியாருடைய நகை பாங்கில் போனது. முதல் கப்பலில் ஒப்பந்தப்படி ஒன்பது மாதம் நல்லபடியாக முடித்து வந்தார். அடகு நகையில் பாதியை மீட்டார்கள். இரண்டாவது கப்பல் வெளிநாட்டுக் கொடி போட்டது. இதுவும் ஒன்பது மாத ஒப்பந்தம்தான். நாலாவது மாதமே ஒரு துறைமுகத்தில் இறக்கி, விமானம் ஏற்றி ஊருக்கு அனுப்பிவிட்டார்கள்.

"உனக்கு எப்போ தெரிஞ்சுது?" என்று கேட்டேன்.

"பணம் வரலை பெரியம்மா. மாசா மாசம் அஞ்சாந் தேதிக்குள்ள எங்கிட்ட வந்துடும். அன்னிக்கு வரலை. பாங்குல போய்க் கேட்டுட்டு வந்து உக்காந்திருக்கேன், இவரு பையைத் தூக்கிக்கிட்டு வாசல்ல நிக்கிறாரு."

கப்பல்காரர் மனைவிகளுக்கு இது தெரியும். கப்பல்காரர் சம்பளத்தில் ஒரு பகுதியை நேராகக் குடும்பத்துக்கு அனுப்பும் ஏற்பாட்டுக்கு அலாட்மென்ட் என்று பெயர். கேட்டால் அதற்கு வழி செய்து தர வேண்டியது கப்பல் முதலாளியின் கடமை. கப்பலில் ஏதோ சரியில்லை என்பது பல வீடுகளில் கடிதத்தில் தெரிவதில்லை, போனில் தெரிவதில்லை. பாங்குப் புத்தகத்தில்தான் முதலில் தெரிகிறது.

ஏன் அனுப்பினார்களாம்? கப்பலில் வேலை செய்பவருக்கு இருபத்து நாலு மணி நேரத்தில் பத்து மணி நேரமாவது ஓய்வு தர வேண்டும். 2006-ஆம் வருஷத்துக் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை அப்படிச் சொல்கிறது. நம் தேசம் 2015-ல் அதை ஏற்றுக் கையெழுத்திட்டது. எத்தனை மணி நேரம் ஓய்வு என்று ஒரு கணக்கு எழுதி, அதில் அந்தத் தொழிலாளியே கையெழுத்துப் போட வேண்டும். இவருக்குப் பத்து மணி நேரம் கிடைக்கவில்லை. கிடைத்ததாக எழுதிய தாளில் கையெழுத்துப் போட மாட்டேன் என்றிருக்கிறார். மறு வாரமே 'ஒழுங்கீனம்' என்று எழுதி இறக்கிவிட்டார்கள். விசாரணை இல்லை. நோட்டீஸ் இல்லை. விமானக் கட்டணத்தைச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்கள். கடைசியில் ஒரு தாளை நீட்டி, 'எனக்கு வரவேண்டியது ஒன்றும் பாக்கி இல்லை' என்று எழுதி வாங்கிக்கொண்டுதான் பாஸ்போர்ட்டையே கொடுத்தார்களாம்.

கேட்டபோது எனக்கு வயிறு எரிந்தது. அதைவிட எரிந்தது, அவளுடைய அடுத்த வார்த்தையில்.

"ஏஜென்ட் போன் பண்ணினாரு பெரியம்மா. ஒரு மாசச் சம்பளம் தர்றோம், வாங்கிக்கிட்டுப் பேசாம இருங்க. கேஸு போட்டா பத்து வருஷம் ஆகும். நீங்க ஜெயிச்சாலும் நாங்க அப்பீல் போவோம், அப்புறம் அதுக்கு மேலயும் அப்பீல் போவோம்னாரு. அப்பீல்னாலே எங்களுக்குப் பயமா இருக்கு. ஒரு மாசத்தை வாங்கிக்கலாமா?"

அந்த ஏஜென்ட் பொய் சொல்லவில்லை, சகோதரிகளே. அநியாயமாக வேலையை விட்டு நீக்கிய வழக்குகளில் பல குடும்பங்கள் தோற்பது கீழ்க்கோர்ட்டில் அல்ல. அங்கே ஜெயித்துவிட்டு, அப்பீல் முடிகிறவரை காத்திருக்க முடியாமல், பாதிக்கும் கால்வாசிக்கும் ராஜியாகி முடித்துக்கொள்கிறார்கள். முதலாளிக்கு இரண்டு வருஷம் என்பது ஒரு பைல். நமக்கு அது இரண்டு பள்ளிக்கூடக் கட்டணம், இருபத்து நாலு மாதப் பால் கணக்கு. ஆகவே கேஸில் ஜெயிப்போமா என்று கேட்பதோடு நிற்கக்கூடாது. ஜெயித்த பிறகு அப்பீல் நடக்கும் காலத்தில் அந்தப் பணம் யார் கையில் இருக்கும் என்றும் கேட்க வேண்டும்.

எங்கள் அக்கா வீட்டில் இதை நேரில் பார்த்தவள் நான். அத்தான் கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில் இருந்தார். 1986-ல் ஒரு சச்சரவில் நீக்கிவிட்டார்கள். லேபர் கோர்ட்டில் ஐந்து வருஷம். 1991-ல் ஜெயித்தார். தெருவுக்கே பாயசம் கொடுத்தாள் அக்கா. பாயசப் பாத்திரம் கழுவுவதற்குள் மில்காரர்கள் ஹைகோர்ட்டுக்குப் போய்த் தீர்ப்பை நிறுத்தி வைத்துவிட்டார்கள். தீர்ப்பு நகல் அலமாரியில் இருந்தது; அரிசி டப்பா காலியாக இருந்தது.

காப்பாற்றியது ஒரே ஒரு சட்டப் பிரிவு. தொழில் தகராறுச் சட்டத்தில் 17-பி என்று ஒன்று, 1984 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. வேலையில் திரும்பச் சேர்க்கச் சொல்லித் தீர்ப்பாகி, முதலாளி ஹைகோர்ட்டுக்கோ சுப்ரீம் கோர்ட்டுக்கோ போனால், அந்த வழக்கு முடிகிறவரை, அந்தத் தொழிலாளி கடைசியாக வாங்கிய சம்பளத்தை மாதா மாதம் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். வேறு எந்த நிறுவனத்திலும் வேலையில் இல்லை என்று தொழிலாளி ஒரு பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்ய வேண்டும், அவ்வளவுதான். கடைசியில் முதலாளியே ஜெயித்தாலும், கொடுத்த இந்தப் பணத்தைத் திருப்பிக் கேட்க முடியாது என்று சுப்ரீம் கோர்ட் பிற்பாடு தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. அந்தப் பழைய சட்டம் போய், 2025 நவம்பர் 21 முதல் தொழிலுறவுத் தொகுப்பு வந்துவிட்டது. இந்தப் பாதுகாப்பு அதிலும் இருக்கிறது.

அக்காவுக்கு மாதம் 740 ரூபாய் வந்தது. 'கடைசியாக வாங்கிய சம்பளம்' என்றால் 1986-ல் வாங்கியது. 1996-லும் அதே 740-தான். துவரம்பருப்பு விலை அதற்காக நிற்குமா? மீதிக்கு அக்கா ஜாக்கெட் தைத்தாள். அத்தான் சித்தப்பாவின் பெட்டிக்கடையில் பொழுதுபோகாமல் உட்கார்ந்திருந்ததை யாரோ பார்த்துவிட்டு, 'இவர் வியாபாரம் செய்கிறார்' என்று எதிர்த்தரப்பு மனுப் போட்டது. அன்றைக்கு இருந்து அக்கா அவரை அந்தக் கடைப் பக்கமே விடவில்லை. வெற்றிலை வாங்கக்கூட நான்தான் போனேன். ஆனாலும் அந்த 740 இல்லாவிட்டால் அவர்கள் 1992-லேயே மில்காரர் கொடுக்க வந்த சில்லறையை வாங்கிக்கொண்டு போயிருப்பார்கள். 1998-ல் வழக்கு முடிந்து மொத்தப் பாக்கியும் வந்தது. மூத்தவள் கல்யாணம் அதில்தான் நடந்தது.

இதையெல்லாம் அந்தப் பெண்ணிடம் சொன்னபோது அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது. பாவம், உடனே இன்னொன்றும் சொல்ல வேண்டியிருந்தது. இந்த 17-பி கரையில் வேலை செய்கிறவர்களுக்கானது. கப்பல்காரர்களின் தகராறுகளைத் தொழில் தகராறுச் சட்டத்தில் சேர்க்காமல், 1958-ஆம் வருஷத்து வணிகக் கப்பல் சட்டம் தனியாகப் பிரித்து வைத்திருந்தது. அதற்குப் பதிலாக 2025-ல் புதிய வணிகக் கப்பல் சட்டம் இயற்றப்பட்டிருக்கிறது. ஆகவே அக்காவின் வழி இவளுக்கு அப்படியே ஆகாது.

"அப்போ எங்களுக்கு ஒண்ணுமே இல்லியா?"

"இருக்கு. உங்களுக்கு இருக்கிற ஜாமீன் இன்னும் பெரிசு. சொல்றேன் இரு."

அதற்கு முன்னால் ஜாமீன் என்றால் என்ன என்று நம் வாசகிகளுக்கும் சொல்லிவிடுகிறேன். பஸ் மோதி இறந்தவர் குடும்பத்துக்கு டிரிப்யூனல் நஷ்ட ஈடு போட்டால், அப்பீல் போகிறவர் 25,000 ரூபாயோ, நஷ்ட ஈட்டில் பாதியோ, எது குறைவோ அதைக் கட்டிவிட்டுத்தான் ஹைகோர்ட் படி ஏறலாம். வேலையில் அடிபட்டவருக்கு நஷ்ட ஈடு போட்டால் இன்னும் கடுமை. முதலாளி தொகை முழுவதையும் அதிகாரியிடம் டிபாசிட் செய்து, கட்டிவிட்டார் என்ற சான்றையும் சேர்த்துக் கொடுத்தால்தான் அப்பீலையே எடுத்துக்கொள்வார்கள். 1923-ஆம் வருஷத்துச் சட்டத்திலிருந்து வருகிற நிபந்தனை இது. வம்புக்கு அப்பீல் போடுகிறவரை இது யோசிக்க வைக்கும். கையை விட்டுப் பணம் போன பிறகு, இழுத்தடிப்பதில் லாபமில்லை அல்லவா?

வேலை நீக்க வழக்குக்கே இப்படி ஒரு நிபந்தனை வைத்திருக்கும் தேசம் பிலிப்பைன்ஸ். உலகத்துக் கப்பல்களுக்கு ஏராளமான மாலுமிகளை அனுப்புகிற தேசம் அது. அங்கே லேபர் ஆர்பிட்டர் என்ற அதிகாரி தொழிலாளிக்குப் பணம் கொடுக்கச் சொல்லித் தீர்ப்பளித்தால், முதலாளி பத்து நாளைக்குள் அப்பீல் போட வேண்டும். அந்த அப்பீலோடு தீர்ப்புத் தொகைக்குச் சமமாக ரொக்கமோ, ஜாமீன் கம்பெனியின் பாண்டோ கட்ட வேண்டும். கட்டாவிட்டால் அப்பீல் இல்லை. 1989-ல் கொண்டு வந்த ஏற்பாடு இது. திரும்ப வேலையில் சேர்க்கச் சொன்ன பகுதியோ அப்பீலுக்காகக் காத்திருப்பதே இல்லை. உடனே சேர்க்க வேண்டும், அல்லது வீட்டில் உட்கார வைத்தாவது சம்பளம் கொடுக்க வேண்டும்.

அந்த ஊர்க் கப்பல் அதிகாரி ஒருவரின் வழக்கு இந்தப் பெண்ணின் கதைக்கு ரொம்பக் கிட்டத்தில் வருகிறது. 1998-ல் சீஃப் ஆபீசர் வேலை, மாதம் 1,400 டாலர் என்று பேசினார்கள். மார்ச் 19-ஆம் தேதி, கிளம்புகிற அன்றைக்கு, செகண்ட் ஆபீசர் வேலைதான், 1,000 டாலர்தான் என்று வேறு தாளில் கையெழுத்துக் கேட்டார்கள். ஏப்ரல் கடைசிக்குள் பேசிய வேலையைத் தருகிறோம் என்றார்கள். தரவில்லை. மே 26-ல் அவர் ஊர் திரும்பினார். பன்னிரண்டு மாத ஒப்பந்தத்தில் முடிந்தது இரண்டு மாதம் ஏழு நாள். மிச்சம் ஒன்பது மாதம் இருபத்து மூன்று நாள். ஒரு வருஷத்துக்கு மூன்று மாதச் சம்பளம் கொடுத்தால் போதும் என்று அந்த ஊர்ச் சட்டத்தில் ஒரு வரி இருந்தது. அந்த வரியே செல்லாது, மிச்சம் உள்ள நாள் முழுவதற்கும் சம்பளம் கொடு என்று அவர்களுடைய சுப்ரீம் கோர்ட் 2009 மார்ச் 24-ல் தீர்ப்புச் சொன்னது. பதினோரு வருஷம்!

பாண்டு என்று ஒன்று இருந்தும் பதினோரு வருஷமா என்று நீங்கள் கேட்பீர்கள். பாண்டு காலத்தைக் குறைக்காது. கடைசியில் பணம் இருக்கும் என்பதற்குத்தான் அது உறுதி. இடைக்காலத்தில் கம்பெனி மூடிவிட்டாலும், பேரை மாற்றிக்கொண்டாலும், கட்டிய பணம் கட்டியபடி இருக்கும்.

எல்லாம் தொழிலாளி பக்கம்தான் என்றும் சொல்ல முடியாது. சின்ன முதலாளி மேல் தாங்க முடியாத தொகைக்குத் தீர்ப்பானால் அவர் அப்பீலே போக முடியாதே என்ற கேள்வியும் அங்கே வந்தது. தகுந்த காரணம் காட்டிக் குறைக்கச் சொன்னால், முதலில் பத்து சதவீதம் கட்டிவிட்டு மனுவை நடத்தலாம் என்று 2013-ல் ஒரு தீர்ப்பு வழி விட்டது. 2024 செப்டம்பரில் மாலுமிகளுக்கென்று வந்த புதுச் சட்டமோ இன்னொரு பக்கம் சாய்ந்தது. அப்பீல் நடக்கும்போதே தகராறில் உள்ள தொகையை மாலுமி கையில் வாங்க வேண்டுமானால், இனி மாலுமிதான் பாண்டு கட்ட வேண்டும்! சம்பளம் மாதிரியான பாக்கிகளை மட்டும் அதிலிருந்து விட்டிருக்கிறார்கள். உடம்பு கெட்டு ஊர் திரும்பிய மனுஷன் பாண்டுக்கு எங்கே போவான்? எனக்கு இது சரியாகப் படவில்லை.

நம் ஊருக்கு வருகிறேன். நம் கப்பல்காரருக்கு ஜாமீன் யார் என்று கேட்டால், கப்பலே ஜாமீன்!

"கப்பலையா பிடிச்சு வெப்பாங்க?" என்று நாத்தனார் வாயைப் பிளந்தாள்.

ஆமாம். கடனுக்கு ஜப்தி கேள்விப்பட்டிருப்பீர்கள், அதுபோல. 2017-ல் இதற்கென்று ஒரு சட்டம் செய்து, 2018 ஏப்ரல் 1 முதல் நடக்கிறது. சென்னை ஹைகோர்ட் உட்பட கடற்கரை மாநிலங்களின் ஹைகோர்ட்டுகளுக்கு, நம் கடல் எல்லைக்குள் நிற்கும் கப்பலை நகரவிடாமல் நிறுத்தி வைக்க அதிகாரம் உண்டு. எந்தக் கொடி போட்ட கப்பலானாலும், முதலாளி எந்தத் தேசத்தில் இருந்தாலும் சரி. கப்பலின் மேல் உள்ள கடன்களில் ஊழியர் சம்பளத்துக்குத்தான் முதல் இடம். கப்பலை இன்னொருவருக்கு விற்றுவிட்டாலும் அந்தக் கடன் கப்பலோடேயே போகும். நிறுத்தி வைத்த கப்பலுக்குத் துறைமுக வாடகை, சரக்குத் தாமதம் என்று தினமும் நஷ்டம் என்பதால், முதலாளி அவசரமாக ஓடி வந்து, பாங்கு உத்தரவாதம் கட்டி மீட்டுக்கொண்டு போவார். அந்த உத்தரவாதம் வழக்கு முடிகிறவரை நமக்காகக் காத்திருக்கும். பிறகு அவர் அப்பீல் போகட்டுமே!

சென்னையிலேயே நடந்த ஒரு வழக்கைச் சொல்கிறேன். 1999 கடைசியில் 'கோபே குவீன்' என்ற இரும்புச் சரக்குக் கப்பலைக் கடலோரக் காவல் படை பிடித்தது. சரக்கை வேறு பக்கம் கடத்தினார்கள் என்று புகார். வேலை செய்தவர்கள் உக்ரைன் தேசத்து மாலுமிகள். முதலாளி கைவிட்டார். சம்பளம் கேட்டு மாலுமிகள் கோர்ட்டுக்கு வந்தார்கள். ஹைகோர்ட்டில் தனி நீதிபதி கொடுக்கச் சொன்னார். அப்பீலில் இரண்டு நீதிபதிகள் இல்லை என்றார்கள். கப்பலை அரசாங்கம் பறிமுதல் செய்துவிட்டதால் சம்பளக் கடன் நிற்காது என்பது வாதம். 2006-ல் சுப்ரீம் கோர்ட், குற்றமற்ற மாலுமியின் சம்பள உரிமை பறிமுதலையும் தாண்டி நிற்கும் என்று சொல்லி, முதல் தீர்ப்பையே நிலைநிறுத்தியது. அத்தனை வருஷம் அலைந்தவர்களுக்குக் கடைசியில் பற்றிக்கொள்ள ஒரு கப்பல் இருந்தது.

இதற்கு ஒரு கெடு உண்டு. கவனமாகக் கேளுங்கள். சம்பளம் கொடுக்க வேண்டிய நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் கப்பலைப் பிடித்தாக வேண்டும். தாண்டினால் அந்த முதல் இடம் போய்விடும். சம்பள பாக்கியும் ஊர் திரும்பிய செலவும் சந்தேகமில்லாமல் இதில் சேரும். மீதி ஐந்து மாதத்துக்கான நஷ்ட ஈட்டை வக்கீல்தான் வாதாடிச் சேர்க்க வேண்டும். விமானக் கட்டணத்தைப் பிடித்தது மட்டும் தப்பு என்று நானே சொல்வேன். மாலுமி கடமையில் பெரிய தவறு செய்தார் என்று முறைப்படி முடிவாகாமல் ஊர் அனுப்பும் செலவை அவர் தலையில் கட்டக்கூடாது என்று அந்தக் கடல்சார் உடன்படிக்கையே சொல்கிறது. 'பாக்கி இல்லை' என்று எழுதி வாங்கிய தாளைப் பற்றியும் ரொம்பப் பயப்பட வேண்டாம். பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு வாங்கிய கையெழுத்து என்று முதல் நாளே எழுதிப் பதிவு செய்துவிட வேண்டும். ஆறு மாதம் கழித்துச் சொன்னால்தான் கதை மாதிரி இருக்கும்.

"வீட்ல என்னென்ன தாள் இருக்கு? எடுத்துட்டு வா" என்றேன்.

ஓடிப் போய் ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டு வந்தாள். பார்த்ததும் அவளைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. ஒப்பந்தத்தின் அசல், சி.டி.சி. என்கிற கப்பல் பணிப் புத்தகம், விமான டிக்கெட், நாலு மாதச் சம்பளச் சீட்டு, எல்லாம் ரப்பர் பாண்டு போட்டு அடுக்கியிருந்தாள். பணம் வந்த தேதிகளை, மளிகைக் கணக்கு நோட்டின் பின் பக்கத்தில் பென்சிலால் குறித்து வைத்திருந்தாள். எந்த வக்கீலும் கேட்கிற முதல் தாள் அதுதான். ஓய்வு நேரக் கணக்கின் நகல் மட்டும் இல்லை. புருஷன் போனில் தேடினார். தானே எடுத்த போட்டோ இரண்டு அகப்பட்டது. அதில் தேதியும் இருந்தது. பணிப் புத்தகத்தில் 'ஒழுங்கீனம்' என்று எங்கேயும் எழுதவில்லை. எழுதவும் கூடாது, வேலையின் தரத்தைப் பற்றி அந்த மாதிரிப் பதிவில் ஒரு வார்த்தையும் வரக்கூடாது என்பது விதி.

ஒன்று மட்டும் கேட்டேன். "கப்பலோட ஐ.எம்.ஓ. நம்பர் தெரியுமா?" தெரியவில்லை. ஒவ்வொரு கப்பலுக்கும் ஏழு இலக்க நம்பர் உண்டு. பேர் மாறும், கொடி மாறும், முதலாளி மாறுவார். அந்த நம்பர் மாறாது. ஒப்பந்தத்தின் முதல் பக்கத்திலேயே இருந்தது. அந்த நம்பரைப் போட்டால் கப்பல் இப்போது எங்கே போகிறது என்று செல்போனிலேயே பார்க்கலாம். புருஷனைக் கடலுக்கு அனுப்பியிருக்கும் சகோதரிகள் அந்த நம்பரை இன்றைக்கே காலண்டரில் எழுதி வையுங்கள்.

ஏஜென்டையும் விடக்கூடாது. கப்பலுக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்ட், பம்பாயில் உள்ள கப்பல் துறைத் தலைமை அலுவலகத்தில் லைசென்ஸ் வாங்கியிருக்க வேண்டும். வேலைக்கு அனுப்ப மாலுமியிடம் கமிஷன் வாங்கக்கூடாது. லைசென்ஸுக்காக அரசாங்கத்திடம் பாங்கு உத்தரவாதமும் கொடுத்திருப்பார்கள். அங்கே எழுத்து மூலம் புகார் கொடுக்கலாம், மாலுமிகள் சங்கத்துக்கும் எழுதலாம். லைசென்ஸே இல்லாத ஆள் என்று தெரிந்தால் அது போலீஸ் விஷயம்.

வக்கீலுக்குப் பணம்? கள்ளக்குறிச்சி கோர்ட்டில் இலவச சட்ட உதவி மையம் இருக்கிறது. 15100 என்ற நம்பருக்குப் போன் செய்தாலும் போதும். பெண்கள் தங்கள் வழக்குக்கு இலவச வக்கீல் கேட்டால் வருமானம் எவ்வளவு என்றே பார்ப்பதில்லை. இந்த வழக்கு புருஷன் பேரில்தான் நடக்கும் என்றாலும், வேலையில்லாமல் இருக்கிறவருக்கு வருமானக் கணக்கிலேயே கிடைக்க வாய்ப்புண்டு. கப்பல் வழக்கு சென்னையில் நடப்பது. அங்கே ஹைகோர்ட்டிலும் சட்டப் பணிகள் குழு இருக்கிறது. இவர்களை அங்கே அனுப்பச் சொல்லி நானே ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன்.

புருஷன் அதுவரை வாசற்படியிலேயே நின்றுகொண்டிருந்தார். இப்போது லோடு ஆட்டோ ஓட்டுகிறாராம். "அந்தக் கையெழுத்தைப் போட்டிருந்தா இன்னிக்கு வேலையில இருந்திருப்பேன் பெரியம்மா. இவளும் அதான் நெனைக்கிறா" என்றார், தலையைக் குனிந்துகொண்டு.

"நான் எப்போ அப்படிச் சொன்னேன்?" என்று அவள் வெடுக்கென்று கேட்டாள். எங்களுக்கெல்லாம் சிரிப்பு வந்துவிட்டது. குழந்தையும் சேர்ந்து சிரித்தது.

ஊர் திரும்பி மூன்று வாரம் ஆகிறது. முந்தாநாள் போன் வந்தது. ஏஜென்ட் ஒரு மாதத்திலிருந்து மூன்று மாதத்துக்கு ஏறியிருக்கிறாராம். எழுத்தில் கொடுங்கள் என்று கேட்டாளாம். யோசித்துச் சொல்கிறேன் என்றாராம்.

"பால்?" என்றேன்.

"இறங்குது பெரியம்மா. இவன் இப்போ அரை மணி நேரம் விட மாட்டேங்கறான். பால் குடுக்கிறப்போதான் போன்ல கப்பலைப் பார்ப்பேன். கொழும்பு தாண்டிடுச்சு."

"எந்தப் பக்கம் போவுது?"

"வடக்க. எண்ணூருன்னு போட்டிருக்கு."

"வக்கீல் அம்மாவுக்குச் சொன்னியா?"

"காலையிலயே சொல்லிட்டேன். மனு தயாரா இருக்காம்."